தொண்டியில் விலகிய இலைகள்

ஹமீதா டீச்சர் மறைந்த செய்தி வந்தபோது நான் ராமநாதபுரத்தில் என் வீட்டுக் கொல்லையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. டீச்சரின் சனிக்கிழமைக் கூட்டங்கள் நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தன. ஆனாலும் செவ்வாய்தோறும் சாமான்களைக் கழுவி வைக்கிற பழக்கம் என்னை விடவில்லை. அவர் மகள் ரஹ்மத் தொண்டியிலிருந்து பேசினாள்.

"மாமா, உம்மா மவுத்தாயிட்டாக. அசர் தொழுகைக்கு முன்னாடி எடுக்குறாக. வந்திருங்க."

சரிம்மா என்று சொன்னேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. கையில் இருந்த குடுவையைப் பத்திரமாகக் கவிழ்த்து வைத்தது மட்டும் நினைவிருக்கிறது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவனின் கை அது. என்ன துக்கம் வந்தாலும் கண்ணாடியைக் கீழே போடாது.

தொண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். டீச்சரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் வேற்று ஆண்கள் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆண்களோடு தெருவில் நின்று, சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது பின்னால் நடந்தேன். மையவாடியில் எல்லோரும் குழியில் மண் போடும்போது நான் ஒதுங்கி நின்றேன். சீனி பாய்தான் என் தோளைத் தொட்டு, "மூணு பிடி போடுங்கண்ணே, ஒங்களுக்கு இல்லாத உரிமையா" என்றார். சீனி பாய், தொண்டியில் எங்கள் கூட்டம் நடக்கும் மண்டபத்தின் காவலர். போட்டேன். திரும்பி நடக்கும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, அந்தப் பல்பு விசயம்... டீச்சருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது பாய்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. டீச்சரைப் பற்றி நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி பழைய மாணவிகள் கேட்டபோது, அவருடைய பெருமைகளை வரிசையாக எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அவருக்குச் செய்கிற மரியாதையாக இருக்காது. பல்பு விஷயத்தையும் சேர்த்து எழுதினால்தான் இது அஞ்சலி.

நான் கமுதிப் பக்கத்துக்காரன். பெயர் கருப்பையா. ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. ஹமீதா டீச்சர் அங்கே மாற்றலாகி வரும்போது நான் ஒன்பது வருடம் முடித்திருந்தேன். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு சோதனைக் குழாய்கூட உடைந்ததில்லை என்பதில் எனக்கு அளவு கடந்த பெருமை. பெருமைக்குக் காரணம் எளிது. எதையும் வெளியே எடுக்கவிட்டதில்லை. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பேன். பரீட்சைக்கு முந்தின வாரம் திறப்பேன், முடிந்ததும் பூட்டுவேன்.

டீச்சர் வந்த முதல் நாள் ஆய்வகத்துக்குள் நுழைந்து, கண்ணாடிக் கதவு வழியாகப் பீரோவை ஒரு சுற்று பார்த்தார். ஒல்லியான உருவம், தலையில் முக்காடு, மூக்குக்கண்ணாடி பாதி மூக்குக்கு இறங்கியிருக்கும்.

"அண்ணே, இதுகள்லாம் பொறந்ததுலேர்ந்து இங்கனயேதான் இருக்குதுகளா?"

"ஆமா டீச்சர். ஒண்ணுகூட ஒடையல."

"பாவம்ணே" என்றார். என்னைச் சொன்னாரா குடுவைகளைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "தொறங்க" என்றார்.

அன்று மதியத்துக்குள் ஒரு பீக்கரை உடைத்தார். அவரேதான் உடைத்தார், பிள்ளைகள்கூட இல்லை. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. உடைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவன் நான். மூன்றாம் நாள் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் கடல்பாசி இனிப்பு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் கோபத்தில் இருந்தேன், ஆனால் கடல்பாசியின் மேல் எனக்கு என்ன கோபம்? சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "சட்டியவே பீக்கர் மாதிரி கழுவியிருக்கீகளே" என்று சிரித்தார். அத்தோடு சாவி என் இடுப்பிலிருந்து சுவரில் ஒரு ஆணிக்கு மாறியது.

அவருடைய வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சோதனையாக இருந்தாலும், செய்து காட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எல்லோரும் ஒரு சீட்டில் எழுதிப் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எல்லோரும் என்றால் எல்லோரும்தான். பிள்ளைகள், எட்டிப் பார்க்க வந்த தலைமையாசிரியர், நான், டீச்சர். யாரும் யாரிடமும் தன் கணிப்பைச் சொல்லக் கூடாது. டீச்சரும் தன் சீட்டை எனக்குக்கூடக் காட்ட மாட்டார். பிறகு சீட்டுகளைப் பேர் சொல்லாமல் வாசிப்பார். அதற்குப் பிறகே சோதனை. "எழுதிட்டுப் பாருங்க. பாத்துட்டு எழுதாதீக" என்பார். அதை அவர் சொல்லி நான் கேட்டது ஆயிரம் தடவைக்கு மேல் இருக்கும்.

முடிந்ததும் தவறாக எழுதியவர்களை முன்வரிசைக்குக் கூப்பிடுவார். முதலில் பிள்ளைகள் பயந்தார்கள். முன்வரிசைக்கு வந்தவர்கள்தான் சாமானைத் தொட்டு, சோதனையைத் தங்கள் கையால் திரும்பச் செய்யலாம் என்று தெரிந்ததும், சரியாக எழுதியதுகள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கும். "தப்பா எழுதுன ஆளுகல்லாம் முன்வரிசைக்கு வாங்க, ஒங்களுக்குத்தான் இன்னைக்குப் புதுசா ஒண்ணு கெடைக்கப் போகுது." டீச்சரின் சொந்தக் கணிப்பு தவறினால் அவரும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்வார். அன்று அவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமைக் கூட்டம் எப்படி ஆரம்பித்தது என்றால், காரங்காட்டிலிருந்து வந்த ஒரு மாணவி, "எங்க ஊருப் புள்ளைகளுக்கும் ஒரு நா வந்து காட்டுங்க டீச்சர்" என்று கேட்டாள். டீச்சர் உடனே சரி என்றுவிட்டார். மூட்டை கட்டுகிறவன் நான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. வைக்கோலும் பழைய வேட்டியும் சுற்றி, இரண்டு மரப்பெட்டிகளில் சாமான்களை அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் டிரைவரைத் திட்டினேன்.

காரங்காட்டில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு கூடம். பிள்ளைகளோடு தாய் தகப்பன்மாரும் வந்து ஜன்னலில் தொங்கினார்கள். டீச்சர் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, கிண்ணத்துக்குள் ஒரு கல்லை வைத்தார். "இது படகு. இது நங்கூரம். நங்கூரத்தைத் தூக்கித் தண்ணியில போட்டா, பேசின்ல தண்ணி மட்டம் ஏறுமா, எறங்குமா, அப்படியே இருக்குமா? எழுதுங்க." சவேரி என்ற மீனவர் ஜன்னல் வழியாகவே சீட்டு கேட்டு வாங்கி, "ஏறும்" என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார். கூடத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எழுதினார்கள். நானும் அதைத்தான் எழுதினேன்.

கல்லைப் போட்டபோது தண்ணீர் மட்டம் இறங்கியது. டீச்சர் பேசினில் பென்சிலால் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே போனது எல்லோருக்கும் தெரிந்தது.

"இது என்னங்கம்மா அநியாயமா இருக்கு" என்றார் சவேரி. "முப்பது வருசமா நங்கூரம் போடுறேன். ஒரு நா கூடக் கடல் எறங்கி நான் பாத்ததில்ல."

"நீங்க கடல்ல போட்டீக. நான் பேசின்ல போட்டேன். முன்வரிசைக்கு வாங்கண்ணே."

சவேரி உள்ளே வந்து பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கல்லை எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தார். கிண்ணத்தோடு மிதக்கிற கல் தன் எடை அளவுக்குத் தண்ணீரைத் தள்ளும், மூழ்கின கல் தன் உருவ அளவுக்குத்தான் தள்ளும் என்று டீச்சர் விளக்கியபோது, அவர் தலையை ஆட்டவில்லை. மேலும் நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர், "ஏத்துக்கிட்டாக பாத்தீகளா? நாஞ்சொன்னதுக்காக இல்லண்ணே, அவுக கையால போட்டதுக்காக" என்றார். என் மடியில் பெட்டி இருந்ததால் என்னால் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. எனக்கும் அன்று அது புரிந்திருந்தது.

பிறகு ஊர் ஊராகப் போனோம். கமுதிக்குப் போன கூட்டம் எனக்கு மறக்காது, என் மண் என்பதற்காக மட்டும் இல்லை. மிளகாய் வற்றல் காய்கிற மாசி மாதம். காற்றில் ஈரமே கிடையாது. டீச்சர் அன்று காட்டியது மின்காட்டி. காலி ஊறுகாய் பாட்டிலில் நானே செய்தது. பாட்டில் வாயை மெழுகு ஊற்றி அடைத்து, மெழுகின் நடுவே ஒரு செம்புக் கம்பி. கம்பியின் கீழ் நுனியில், பாட்டிலுக்குள், மெல்லிய அலுமினியத் தாளில் வெட்டிய இரண்டு இலைகள் ஒட்டினாற்போல் தொங்கும். கம்பளித் துணியில் தேய்த்த சீப்பால் கம்பியின் மேல் நுனியைத் தொட்டால், மின்னூட்டம் இறங்கி, இரண்டு இலைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். கமுதியில் விலகிய இலைகள், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியே நின்றன. என் சாதிசனம் முன்னால் என் பாட்டில் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே பாட்டிலை ஐப்பசியில் தொண்டிக்குக் கொண்டுபோனோம். டீச்சரின் சொந்த ஊர். கடலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கும். அவர் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தார்கள். டீச்சர் தேய்த்தார், தொட்டார். இலைகள் அசையவில்லை. மறுபடி தேய்த்தார். அசையவில்லை. பின்னாலிருந்து அவருடைய சாச்சா, அதாவது சித்தப்பா, "என்ன ஹமீதா, மந்திரம் மறந்துபோச்சா?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது.

டீச்சரும் சிரித்தார். தன் சீட்டை எடுத்து வாசித்தார். "விலகும்னு எழுதியிருக்கேன். நான் தப்பு." போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஏன் வரவில்லை என்று பிள்ளைகளையே கேட்டு, உப்புக் காற்றின் ஈரம் சீப்பிலும் கண்ணாடியிலும் மெழுகிலும் படிந்து, ஏற்றுகிற மின்னூட்டமெல்லாம் அதன் வழியாக ஒழுகிப்போகிறது என்கிற இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தார். அது அவருடைய மிகச் சிறந்த வகுப்புகளில் ஒன்று என்று பல பேர் பிற்பாடு சொன்னார்கள்.

எனக்கு அது எதுவும் காதில் விழவில்லை. சாச்சாவின் சிரிப்புதான் காதில் இருந்தது. என் பாட்டில் அவரைச் சொந்த ஊரில் தலைகுனிய வைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். டீச்சர் சிரித்ததை, வெட்கத்தை மறைக்கிற சிரிப்பு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

இப்போது பல்புக்கு வருகிறேன்.

மறு வருடம், சனிக்கிழமைக் கூட்டங்கள் தொடர அனுமதி வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. அரசாங்கச் சாமான்களை ஊர் ஊராகத் தூக்கிப் போவது சரியா என்று யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். ஓர் அதிகாரி நேரில் வந்து ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவர் வரச் சம்மதித்த சனிக்கிழமை எங்கள் கூட்டம் தொண்டியில். கார்த்திகை மாதம், விட்டு விட்டு மழை. டீச்சர் என்னிடம், "மின்காட்டிய எடுத்து வைங்கண்ணே" என்றார்.

"டீச்சர், தொண்டியிலயா? ஆபீசர் வாராருல்ல?"

"அதுனாலதான்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அவருடைய விதிப்படி சொல்லவும் கூடாது.

போன முறை பட்ட அவமானத்தை இந்த முறை அதிகாரி முன்னால் நேர்செய்துகாட்டப் பிடிவாதமாக நிற்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். முழுத் தப்பு. ஆனால் அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது. இலை விலகாவிட்டால் கூட்டங்கள் நின்றுபோகும், டீச்சரின் உயிரே அதில்தான் இருக்கிறது, என் கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

எங்கள் ஆய்வகத்தில் மழைக்காலத்தில் லென்சுகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, உள்ளே ஒரு பல்பு எரிகிற மரப்பெட்டி ஒன்று உண்டு. அதை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, டீச்சருக்கு முன்னால் முதல் பஸ்ஸிலேயே தொண்டிக்குப் போனேன். சீனி பாயின் அறையில் மின்சாரம் எடுத்து, பாட்டிலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சீப்பு, கம்பளி, பாட்டில் மூன்றையும் பெட்டிக்குள் வைத்துப் பல்பைப் போட்டேன். மெழுகு உருகாத தூரத்தில் பாட்டிலை நிறுத்தினேன். சீனி பாய் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, கோழிக்குஞ்சு பொரிக்கப் போறீகளா?"

"பாய், டீச்சர் மானம் இதுக்குள்ள இருக்கு. யார்ட்டயும் சொல்லிராதீக."

"என் வாயி பூட்டு" என்றார். பதினான்கு வருடம் பூட்டியே வைத்திருந்தார், பாவம்.

பத்து மணிக்குக் கூட்டம். அதற்கு முன்னால் அறையிலேயே ஒரு தடவை தேய்த்துத் தொட்டுப் பார்த்துவிட்டேன், விலகியது. அதிகாரி வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் சீட்டு கொடுத்தோம். நான் என் சீட்டில் "விலகும்" என்று எழுதினேன். பார்த்துவிட்டு எழுதியவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான். டீச்சர் சீட்டுகளை வாசித்தார். போன வருடம் பார்த்த பிள்ளைகள் ஆனதால் எல்லாம் "விலகாது, விலகாது" என்றே வந்தன. "விலகும்" என்று இரண்டே சீட்டு. ஒன்று அதிகாரியுடையது. இன்னொன்றை எடுத்தபோது டீச்சர் அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

சீனி பாயின் அறையிலிருந்து பாட்டிலையும் சீப்பையும் கம்பளியையும் கொண்டுவந்து கொடுத்தேன். டீச்சர் சீப்பைத் தேய்த்தார், தொட்டார். இரண்டு இலைகளும் படக்கென்று விரிந்து நின்றன.

மண்டபம் ஓவென்று கத்தியது. அதிகாரி கை தட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டீச்சரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, வருத்தமும் இல்லை, பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சீட்டை எடுத்தார்.

"விலகாதுன்னு எழுதியிருக்கேன். நான் தப்பு."

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அன்று காட்ட வந்ததே அது விலகாது என்பதைத்தான். கமுதிக் காற்றுக்கும் தொண்டிக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லப் பாடம் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பாடத்தை என் பல்பு தின்றுவிட்டது.

"ஏன் டீச்சர் விலகுச்சு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதிகாரியும் கேட்டார்.

"தெரியலங்க சார்" என்றார் டீச்சர், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது இன்னைக்கு விலகக் கூடாது. எங்கயோ நான் ஒண்ண விட்டுட்டேன்."

பிறகு வழக்கம்போலத் தவறாக எழுதியவர்களைக் கூப்பிட்டார். மண்டபமே முன்னால் வந்தது. ஒவ்வொருத்தியாகத் தேய்த்துத் தொட்டாள். முதல் ஏழெட்டுப் பேருக்கு விரிந்த இலை, பத்தாவது ஆளுக்கு அரைகுறையாக விரிந்தது, பதினைந்தாவது ஆளுக்கு அசையவே இல்லை. ஆரம்பத்தில் பாட்டிலைப் பிடித்திருந்த ஒரு சிறுமி, "டீச்சர், பாட்டிலு வெதுவெதுன்னு இருந்துச்சு" என்றாள்.

நான் அவசரமாகக் குறுக்கே விழுந்தேன். "வெயில்ல வச்சிருந்தேன் டீச்சர்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துச் சற்று நேரம் நின்றார். பிறகு கீழே வைத்தார்.

அதிகாரி அனுமதி கொடுத்துவிட்டார். போகும்போது, "இத்தனை வருச சர்வீஸ்ல, நான் தப்புன்னு மேடையில சொன்ன வாத்தியார இப்பத்தான் பாக்குறேன். நடத்துங்கம்மா" என்றார். என் பல்புக்காக அவர் கொடுக்கவில்லை. டீச்சர் ஒத்துக்கொண்ட தவறுக்காகக் கொடுத்தார். அந்தத் தவறோ டீச்சருடையது இல்லை, என்னுடையது. அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அனுமதி போய்விடுமோ என்று முதலில் பயந்தேன். பிறகு, இனி என் கையால் மூட்டை கட்ட விடமாட்டாரோ என்று பயந்தேன். அதற்கும் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். ஜன்னலை அவர் பார்த்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் டீச்சர் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் தொண்டிக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடலைப் பார்த்துக்கொண்டு கேட்பார்: "அன்னைக்கு மட்டும் ஏண்ணே விலகுச்சு?"

"காத்து மாறியிருக்கும் டீச்சர்" என்பேன்.

"இருக்கும்ணே" என்பார். பஸ் வந்துவிடும்.

அவருடைய பணி ஓய்வு விழாவில் மாலை, சால்வை எல்லாம் முடிந்ததும், டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மடித்து, ஒரு சிறு மாத்திரைக் குப்பிக்குள் போட்டு, மெழுகுவத்தியைக் கொளுத்தி அதன் வாயை அடைத்தார். "உப்புக் காத்து உள்ள போயிரக் கூடாதுல்ல" என்றார். என் கையில் கொடுத்தார்.

"என்ன டீச்சர் இது?"

"ஒரு கணிப்புண்ணே. இதுக்கான சோதனை இன்னும் முடியல. முடிஞ்சதும் ஒங்களுக்கே தெரியும். அப்பத் தொறங்க, அதுக்கு முன்னாடி தொறந்திராதீக."

வாங்கி என் பீரோவில், லென்சுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். சாவி பழையபடி என் இடுப்புக்கு வந்தது.

ஓய்வுக்குப் பிறகும் கூட்டங்கள் நடந்தன. நான் ஓய்வு பெற்று, குப்பியை வீட்டுக்கு எடுத்துவந்த பிறகும், நாங்களே வாங்கிச் சேர்த்த சாமான்களோடு நடந்தன. போன மார்கழியில் அவருக்கு நுரையீரலில் வந்த நோய்தான் எங்களை நிறுத்தியது. கடைசியாகப் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். ரஹ்மத் தேநீர் போட உள்ளே போனதும், அதே கேள்வியைக் கேட்டார்.

"அன்னைக்கு... ஏண்ணே விலகுச்சு?"

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். இவ்வளவு முடியாமல் இருக்கிறவரிடம் போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது. "காத்து மாறியிருக்கும் டீச்சர்" என்றேன்.

"இருக்கும்ணே" என்றார். என் கையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் நிறைகிறது. நான் ஒரு கோழை. அதற்கு வேறு நல்ல வார்த்தை இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு நேற்றுத் தொண்டிக்குப் போய் ரஹ்மத்திடம் கொடுத்தேன். குப்பியை மடியில் கட்டியிருந்தேன். எழுதிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. நான் அதை ஒரு முறை மீறியிருக்கிறேன், இரண்டாம் முறை மீறுவதாக இல்லை. ரஹ்மத் கடைசி வரை படித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உம்மாட்டச் சொல்லியிருந்தீகன்னா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாக மாமா" என்றாள். பிறகு, "தொறப்போமா?" என்றாள்.

"பொறும்மா. ஒரு சீட்டுக் குடு."

டீச்சர் என்ன எழுதியிருப்பார் என்று என் கணிப்பை எழுதினேன்: "அண்ணன் என்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுவார்." என்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை அது என்று நினைத்தேன். மடித்து ரஹ்மத் கையில் கொடுத்துவிட்டு, கத்தியால் மெழுகைக் கீறினேன். இத்தனை வருடம் கழித்தும் தாளில் ஒரு பொட்டு ஈரம் ஏறவில்லை. மொரமொரவென்று இருந்தது. டீச்சரின் பொடி எழுத்து. ரஹ்மத் வாசித்தாள்.

"தொண்டியில் இலை விலகியதற்குக் காரணம் லென்ஸ் பெட்டிப் பல்பு. நான் தலைகுனியக் கூடாது என்று அண்ணன் செய்தது. இப்படி ஒரு பிரியம் எல்லாருக்கும் கிடைக்காது. கணிப்பு: அண்ணன் இதை ஒருத்தரிடமும் சொல்ல மாட்டார். வெட்கப்படுவார்."

ரஹ்மத் சீட்டை மடித்து என் கையில் வைத்தாள். தெருக்கோடியில் கடல் சத்தம் கேட்டது.

வரும் சனிக்கிழமை தொண்டி மண்டபத்தில் ரஹ்மத் கூட்டத்தை மறுபடி தொடங்குகிறாள். மின்காட்டியை நான்தான் கொண்டுபோகிறேன். பல்புப் பெட்டி எதுவும் கூட வராது. அங்கே இந்தத் தாள்களை எல்லோருக்கும் முன்னால் படித்துவிட்டு, நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் கணிப்பு தவறியிருக்கிறது, எனக்கு அந்த இடம் உண்டு.

உங்களுடையதும் தவறிவிட்டது, டீச்சர். சொல்லிவிட்டேன். முன்வரிசைக்கு வாங்க, பக்கத்தில் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறேன்.